−7, −3: எது பெரியது?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், −7, −3 இரண்டில் −7தான் பெரியது என்கிறாள். மட்டு மதிப்பு பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: எடுத்த எடுப்பில் "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். அவள் சொன்னது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. சுழியிலிருந்து எது அதிகத் தொலைவில் இருக்கிறது என்று கேட்டால், −7தான். அந்தத் தொலைவுதான் மட்டு மதிப்பு: |−7| = 7, |−3| = 3. தொலைவு ஒருபோதும் மைனஸில் வராது. 'எது பெரியது' என்பதோ இடத்தைப் பற்றிய கேள்வி. எண்கோட்டில் −3, −7க்கு வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே −3 > −7.

மிகை எண்களில் இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் வரும். பிள்ளைகள் அதிலேயே பழகிவிடுகிறார்கள். சுழிக்கு இடப்பக்கம் வந்தால், தொலைவு கூடக் கூட மதிப்பு குறைகிறது.

நம் பேச்சு வழக்கும் சேர்ந்து குழப்புகிறது. −4 கண்ணாடி போட்டவருக்கு −2 போட்டவரைவிட "பவர் அதிகம்" என்கிறோம். அங்கே நாம் ஒப்பிடுவது மட்டு மதிப்பை. அதில் தவறில்லை. கண்ணாடியைக் கழற்றினால் −4 உள்ளவருக்குச் சுமார் 25 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரியும்; −2 உள்ளவருக்கு 50 செ.மீ. வரை. குறைபாடு எவ்வளவு என்று 4 சொல்கிறது. மைனஸ் குறி, அது குழிலென்சு என்று மட்டும் சொல்கிறது.

வரிசைதான் முக்கியம் என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் திரவக் காற்று. நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜனுடையது −183. திரவக் காற்று மெல்லச் சூடாகும்போது எது முந்திக்கொண்டு ஆவியாகும்? 183 சின்ன எண் என்று ஆக்சிஜனைச் சொன்னால் தவறு. வெப்பநிலை கீழிருந்து ஏறுகிறது. வழியில் −196தான் முதலில் வரும். அதனால் நைட்ரஜன் முந்துகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பெரிய ஆலைகள் இந்த வித்தியாசத்தை வைத்தே இயங்குகின்றன.

வீட்டில் எண்கோட்டைச் செங்குத்தாக வரையுங்கள். மேலே இருப்பது பெரியது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்புறம் −6, 4, −1, 0, 3 என்று எழுதிக் கொடுத்து, இரண்டு முறை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மதிப்பின்படி ஏறுவரிசை: −6, −1, 0, 3, 4. மட்டு மதிப்பின்படி: 0, −1, 3, 4, −6. முதல் வரிசையில் தொடக்கத்தில் நின்ற −6, இரண்டாவதில் கடைசிக்குப் போவதை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

இது சரியாகப் பிடிபட்டதும் −2.5, −2.35 இரண்டையும் கேளுங்கள். தசமம் வந்தால் தடுமாற்றம் திரும்பவும் வரும். 2.5தான் சுழியிலிருந்து அதிகத் தொலைவு, எனவே −2.5 சிறியது. −|−4| என்ன என்றும் கேளுங்கள். "மட்டு போட்டால் மைனஸ் போய்விடும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் 4 என்பார்கள். கோடுகளுக்கு வெளியே நிற்கும் மைனஸ் அப்படியே இருக்கும், விடை −4.