மறுபடி திரைக்கு வரும் மாயாஜாலப் படங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பழைய மாயாஜாலப் படங்களை ‘4கே-யில் புதுப்பித்தது’ என்று போஸ்டர் ஒட்டி மறுபடி வெளியிடுகிறார்கள். நிஜமாகவே புதுப்பித்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பெரம்பூர் வாசகர்

முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டப் புள்ளி ஒன்று பளிச்சென்று வந்து மறைகிறதா, பாருங்கள். ரீலை மாற்றச் சொல்லி ஆபரேட்டருக்காகப் போட்ட அடையாளம் அது. ரீல் முடிய ஏறக்குறைய 8 நொடி இருக்கையில் ஒன்று, 1 நொடி இருக்கையில் இன்னொன்று வரும். அது தெரிந்தால், பெரும்பாலும் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்டைத்தான் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கேமராவில் ஓடிய மூலச்சுருளான நெகட்டிவ் கெட்டுப்போன படத்துக்குப் பல நேரம் அதைத் தவிர வழியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரிண்ட்டில் இல்லாத நுணுக்கத்தை 4கே ஸ்கேனாலும் (படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 4,000 புள்ளிகள்) கொண்டுவர முடியாது.

அடுத்து முகத்தைப் பாருங்கள். தோல் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தால், ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான புள்ளிகளை (கிரெய்ன்) கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதோடு கிரீட வேலைப்பாடும் பட்டுக்கரையும் சேர்ந்தே போய்விடும்.

மாயாஜாலப் படத்துக்கென்றே இன்னொரு ஆபத்து உண்டு. மூன்று மணி நேரப் படம் என்றால் 2,59,200 ஃபிரேம்கள். தூசியையும் கீறலையும் நீக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டு யாரும் சரிபார்க்காவிட்டால், ஒரே ஃபிரேமில் வந்துபோகும் தீப்பொறியையும் அம்பு நுனியையும் அது தூசி என்று நினைத்து அழித்துவிடும். அஸ்திரங்கள் மோதும் காட்சியில் அம்பு விட்டுவிட்டுத் தெரிந்தால் காரணம் இதுதான்.

2000-க்குப் பிறகு வந்த படங்களின் கதை வேறு. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையில் கிராஃபிக்ஸ் காட்சிகளை உருவாக்கியதே 4கே-யில் பாதி அகலமான 2கே அளவில்தான். இன்றைய 4கே பிரதியில் நிறமும் ஒளியும் மேம்பட்டிருக்கும், அந்தக் காட்சிகளில் புதிதாக நுணுக்கம் வந்துவிடாது.

‘மாயா பஜார்’ போன்ற படங்களைப் பெரிய திரையில் போட்டால் தலை வெட்டுப்படுகிறதே?
– மயிலாப்பூர் வாசகி

1957-ல் வந்த அந்தப் படம் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில், அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற கணக்கில் எடுத்தது. சினிமாஸ்கோப் திரையின் அகலம் 2.39. திரையை ஓரம் வரை நிரப்பியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் உயரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டித் தள்ள வேண்டும். ‘கல்யாண சமையல் சாதம்’ காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தட்டுகள், மேலே கடோத்கஜனாக வரும் ரங்காராவின் வாய், அதற்கும் மேலே கிரீடம். பண்டம் தட்டிலிருந்து தானாகக் கிளம்பி வாய்க்குப் போவதுதான் அங்கே மாயமே. கேமராமேன் மார்கஸ் பார்ட்லி அதற்காகவே வைத்த சட்டம் அது. அதில் மேலேயோ கீழேயோ வெட்டுவது அநியாயம்.

எனவே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் முறை. டிக்கெட் எடுக்கும் முன் தியேட்டரில் கேட்டுவிடுங்கள்.

படம் மங்கலாகத் தெரிகிறது. பல்ப் பழசா?
– வேளச்சேரி வாசகர்

3டி என்றால் ஓரளவு இயல்பு. 2டி-க்கு வகுத்த ஒளி அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி-யில் கண்ணாடியைத் தாண்டிக் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் 4, 5 தான். 3டி-க்காக வெள்ளிப் பூச்சுள்ள திரை பொருத்திய அரங்கில் ஓர இருக்கைக்கு இன்னும் குறையும். நடு வரிசைகளில், சற்றுப் பின்தள்ளி, திரையின் மையத்துக்கு நேராக எடுங்கள்.

2டி படமே மங்கலாக இருந்தால் திரும்பி ஆபரேட்டர் அறையின் ஜன்னலைப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு ஒளிக்கற்றை வந்தால், 3டி லென்ஸைக் கழற்றாமலே ஓட்டுகிறார்கள். சில வகை புரொஜெக்டர்களில் இப்படி நடக்கும். இடைவேளை வரை பொறுக்காமல், உடனே மேனேஜரிடம் போய் “3டி லென்ஸ் இருக்கிறது, மாற்றுங்கள்” என்று சொல்லுங்கள். வெறுமனே “படம் சரியில்லை” என்றால் யாரும் அசைய மாட்டார்கள்.

பழைய படத்தில் சத்தம் நடுவிலிருந்து மட்டும் வருகிறது. குறையா?
– அம்பத்தூர் வாசகர்

இல்லை. மோனோவாக, அதாவது ஒரே தடத்தில் ஒலி பதிந்த படம் நடு ஸ்பீக்கரில்தான் ஒலிக்க வேண்டும்.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்துக்கு எந்தக் காட்சிக்குப் போகலாம்?
– தாம்பரம் வாசகி

முதலில் புக்கிங் பக்கத்தில் நேரத்தைப் பாருங்கள். 3 மணி 21 நிமிடம் என்றால் 2003-ல் தியேட்டருக்கு வந்த பதிப்பு. 4 மணி நேரத்தைத் தாண்டினால் நீட்டிக்கப்பட்ட பதிப்பு. அதோடு நம் ஊர் இடைவேளையும் விளம்பரங்களும் சேர்ந்தால், மாலை 6.30 காட்சி முடிய 11 மணி தாண்டிவிடும். மெட்ரோ கிடைக்காது. காலைக் காட்சிக்கு எடுங்கள். தண்ணீர் குடிப்பதைக் கொஞ்சம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், இடைவேளைக்குப் பிறகு வரும் போர்க்களத்தில் எழுந்து போக மனசு வராது.