பழைய ஒலிக்குப் பழைய கருவி வேண்டாம்

குழித்துறை வீட்டில் தனியாளாக ராக் ஆல்பம் பதிகிறீர்கள். டேப் ஒலி தரும் மென்பொருள் போட்டும் எழுபதுகளின் சாயல் வரவில்லை, பழைய கேசட் ரெக்கார்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள், தம்பி. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்து ஈரத்தில் நாடா எளிதில் பூஞ்சை பிடித்துவிடும்.

அந்தச் சாயல் பெரும்பாலும் சிக்கனத்தில் பிறந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1970-இல் வெளியிட்ட தனி ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே, நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களாகப் பதியும் நான்கு தடக் கருவியில், எல்லா இசைக்கருவிகளையும் தானே வாசித்துப் பதிந்தார். நீங்களும் கணினியில் நான்கு தடங்களுக்கு மேல் திறக்காதீர்கள். டிரம்ஸுக்கு ஒரே மைக் போதும். டிரம்ஸில் ‘சடசட’வென ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மின் தோலின்மேல் ஒரு துவர்த்தை (துண்டை) விரித்துவிடுங்கள். அதிர்வு சட்டென்று அடங்கி, அந்தக் காலத்து மொத்தையான அடி கிடைக்கும். மென்பொருளைக் கடைசியில், கொஞ்சமாக மட்டும் சேருங்கள். முதலில் டிரம்ஸை மட்டும் பதிந்து அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.