வாகனம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: தக்கலையில் இருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குத் தினமும் போய் வருகிறேன், போக வர 130 கிலோமீட்டர் வரும். வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கியர் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை, முட்டம் என்று போவோம். எர்டிகா, டிரைபர், கேரன்ஸ் மூன்றில் எது? டீசல் வாங்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: டீசலா பெட்ரோலா என்பது நீங்கள் போகும் வழியைப் பொறுத்தது. பி.எஸ்.6 (இப்போதைய புகைக்கட்டுப்பாட்டு விதி) டீசல் காரின் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் அது தானாகவே எரிந்து தீரவேண்டும். அதற்கு இடைவிடாமல் 15, 20 நிமிடம் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டம் வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வரை இரண்டாம் மூன்றாம் கியரில் ஊர்ந்துவிட்டு, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய சாலையிலேயே போனால் அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு சர்வீஸ் சென்டரில் காசு கரையும். காரோட்டில் நான்குவழிச் சாலை ஏறி முக்கோலை வழியாகக் கழக்கூட்டம் போகிறவர் என்றால் 40 கிலோமீட்டருக்கு மேல் நல்ல ஓட்டம் கிடைக்கிறது. உங்களுக்கு டீசல் தாராளமாக ஒத்துவரும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். மாதம் 22 நாள் என்றால் 2,860 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 15, டீசல் 18 கொடுக்கும் என்று வைத்தால், 190 லிட்டர் பெட்ரோல் அல்லது 159 லிட்டர் டீசல். டீசல் விலையும் லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபாய் குறைவு என்பதால் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கேட்பது ஒன்றரை லட்சம் என்றால், மூன்று, மூன்றரை வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

இந்த நான்குவழிப் பாதையில் திருவல்லம் டோல் வரும். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். தினமும் இரண்டு முறை கடப்பதால் உங்களுக்கு நான்கைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். மறுபடி வாங்கினாலும் லாபம்தான்.

டிரைபர் நல்ல யோசனையோடு செய்த வண்டி. மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம், 625 லிட்டர் டிக்கி கிடைக்கும். ஆனால் ஒரு லிட்டர் என்ஜின், 72 குதிரைத்திறன். ஐந்து பேரோடு ஏ.சி. போட்டு லாரியை முந்தும்போது திணறும். தினசரி 130 கிலோமீட்டருக்கு அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. எர்டிகா பெட்ரோல் சுகமான வண்டி, நெரிசலுக்கு அதன் ஆட்டோமேட்டிக் உதவும். சி.என்.ஜி. எர்டிகா மட்டும் வேண்டாம்: சைக்கிள் போகவேண்டிய இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். எங்கள் தேர்வு கேரன்ஸ் டீசல். நாலரை மீட்டர் நீளம் இருப்பதால் உங்கள் போர்டிகோவை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

சைக்கிள் விஷயத்தில் ஷோரூம் பேச்சை நம்பாதீர்கள். பெரிய சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். முழு சைக்கிள் 1.7, 1.8 மீட்டர் இருக்கும். முன்சக்கரத்தைக் கழற்றி சீட்டைத் தாழ்த்தினால், மூன்றாம் வரிசையையும் இரண்டாம் வரிசையின் சிறிய பகுதியையும் மடக்கிய இடத்தில் இரண்டு சைக்கிள் படுக்கும். அப்போது நான்கு பேர்தான் உட்காரலாம். மாமியாரும் வருகிற ஞாயிறு என்றால் இரண்டு சக்கரத்தையும் கழற்றவேண்டும். ஃபோர்க் நுனியில் இருந்து பின்சக்கரம் மாட்டும் இடம் வரை சுமார் 1.1 மீட்டர் இருக்கும். பின்சக்கர வளைவுகளுக்கு நடுவே டிக்கியில் அந்த இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

செயின் இருக்கும் பக்கம் எப்போதும் மேலே. கீழே போட்டால் கியர் மாற்றியின் தாங்கி வளைந்து, பிறகு எந்தக் கியரும் ஒழுங்காக விழாது. பின்சக்கரம் கழற்றும் முன் செயினைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆயிலில் இயங்கும் (ஹைட்ராலிக்) டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகவேண்டும். சக்கரம் இல்லாதபோது பிள்ளைகள் யாராவது பிரேக்கைப் பிடித்தால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப ஏறாது. மேல் சைக்கிளின் பெடல் கண்ணாடியை உரசினால் 15 எம்.எம். ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இரண்டு சைக்கிளுக்கும் நடுவே பழைய துவர்த்து (துண்டு) ஒன்று போட்டு, பெல்ட்டால் தரைக் கொக்கியில் கட்டுங்கள். 15 கிலோ சைக்கிள் கட்டாமல் கிடந்தால், சடன் பிரேக்கில் முன்சீட்டுக்காரர் முதுகுக்குத்தான் வரும்.

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு, காரின் மேலே கேரியர் வைத்து சைக்கிள் கொண்டுபோகலாமா? பின்கதவில் மாட்டுவது நல்லதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பல கார்களில் ரூஃப் ரெயில் வெறும் அலங்காரம், பாரம் தாங்குமா, எத்தனை கிலோ என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள். அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடாது. காவல்கிணறு தாண்டி வடக்கே திரும்பியதும் அது இடப்பக்கம் அடிக்கும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நிற்கும், வெளியே வந்ததும் ஒரேயடியாகத் தள்ளும். 80-க்கு மேல் போகவேண்டாம். கிளம்பி பத்து கிலோமீட்டரில், தோவாளை பக்கம் நிறுத்தி எல்லா பெல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். வண்டி உயரம் இப்போது மூன்று மீட்டரை நெருங்கிவிட்டது. போர்டிகோவிலும் தாழ்ந்த கிளையிலும் கவனம்.

பின்கதவு கேரியரில் காற்றுத் தொல்லை குறைவு. கொக்கி இரும்பு விளிம்பில் பிடிக்கவேண்டும், பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் மாட்டினால் உடையும். சைலன்சர் வாய்க்கு நேரே டயர் வந்தால் சூட்டில் போய்விடும். நம்பர் பிளேட், பின்விளக்கு மறையக்கூடாது. சக்கரம் காரின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் அந்தப் பிரச்சினை வராது.

கேள்வி: வீடு கடற்கரையில். கேரியர் கால்கள் பதிந்த இடத்தில் துரு பிடிக்கிறது.
- வாசகர், குளச்சல்

பதில்: ரப்பருக்கு அடியில் உப்பும் மணலும் சேர்ந்து பெயின்டை அரைக்கிறது. கேரியரைத் தேவைக்கு மட்டும் மாட்டுங்கள். கழற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். துரு வந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகே டச்சப் பெயின்ட். அடிப்பாகத்துக்கு அண்டர்பாடி கோட்டிங் அடிக்கும்போது, கதவுகளின் கீழ் விளிம்பில் இருக்கும் தண்ணீர்த் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே நின்று கதவு உள்ளிருந்தே அரிக்கும்.