பதினெட்டாவது எழுத்தின் மீள்வருகை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க ராப் கலைஞர் ராக்கிம் 1997 இல் வெளியிட்ட தனித்தொகுப்பைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறினை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ‘மீள்வருகை’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ராக்கிம் எப்போது விலகினார்? ஏன் விலகினார்? (வாசகர், கொக்குவில்)

பதில்: வில்லியம் மைக்கல் கிரிஃபின் என்பது அவருடைய இயற்பெயர். 1968 ஜனவரியில் பிறந்து, நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் உள்ள வயண்டான்ச் என்ற ஊரில் வளர்ந்தவர். 1986 இல், பதினெட்டு வயதில், எரிக் பி என்ற டிஜேயுடன் சேர்ந்து முதற்பாடலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அவர்களுடைய முதற்தொகுப்பான ‘பெயிட் இன் ஃபுல்’ வந்தது. 1992 வரை இருவரும் நான்கு தொகுப்புகளைத் தந்த பின் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு ஒப்பந்தச் சிக்கலிலும் வழக்கிலும் போய் முடிந்ததால், 1993 இல் ஒரு திரைப்படத்துக்காகப் பாடிய பாடலைத் தவிர, குறிப்பிடும்படியாக அவருடைய குரல் எதுவும் வெளிவரவில்லை. 1997 நவம்பர் 4 ஆந் திகதி ‘த எயிட்டீந்த் லெட்டர்’, அதாவது ‘பதினெட்டாவது எழுத்து’, வெளியானது. ஆங்கில அரிச்சுவடியில் பதினெட்டாவதாக நிற்கும் ‘ஆர்’ அவருடைய பெயரின் முதலெழுத்து.

ஐந்து ஆண்டுகள் பெரிய இடைவெளியா என்று கேட்கலாம். ராப் இசையில் அது ஒரு தலைமுறைக்குச் சமம். அவர் இல்லாத காலத்தில் நாஸ் என்ற இளம் ராப் கலைஞர் வந்தார், வூ-டாங் என்ற ராப் குழுவினர் வந்தார்கள். ராப் கலைஞர்களில் டுபாக் 1996 செப்டெம்பரிலும் பிக்கி 1997 மார்ச்சிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பளபளப்பான ஆடைகளும் பழைய வெற்றிப்பாடல்களின் மெட்டுகளும் வானொலியை நிறைத்திருந்தன. அவர் திரும்பி வந்து நின்றது அத்தகைய ஒரு வேளையில். எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். 1987 தொகுப்பிலுள்ள ஒரு பாடலை, ‘நெடுநாள் ஆகிவிட்டது, உங்களை விட்டுப் போயிருக்கக் கூடாது’ என்ற பொருளில் அவர் தொடங்கியிருந்தார். அப்போது அவர் எங்கும் போயிருக்கவில்லை. வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. பத்து ஆண்டுகளின் பின் அந்த வரி உண்மையாகிவிட்டிருந்தபோது, அதன் முதற்சொற்களையே புதிய பாடலொன்றுக்குத் தலைப்பாக வைத்தார்.

கேள்வி: உங்கள் குறிப்பை வாசித்துவிட்டு அந்தத் தொகுப்பை முழுவதும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா ராப் கலைஞர்களையும் போலத்தானே பாடுகிறார்? இதில் அப்படி என்ன புதுமை? (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த கேள்வி இது. நீங்கள் கேட்டது பிழையன்று. இன்றைய காதுக்கு அவர் எல்லோரையும் போலத்தான் ஒலிப்பார், ஏனென்றால் எல்லோரும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர் என்ன செய்தார் என்பதைக் காட்ட வேண்டுமானால், அவருக்கு முன்பிருந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி வரையில் ராப் பெரும்பாலும் உரத்த குரற்கலையாகவே இருந்தது. தெருவிழாக்களில் கூட்டத்தை எழுப்புவதற்காகப் பிறந்த கலையென்பதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வரிகள் குறுகியவை; வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் கடைசிச் சொல்லோடு ஒத்து ஒலிக்கும்; ஒவ்வொரு வரியும் தாளத்தின் நாலாவது அடியில் வந்து நின்றுவிடும். நம்முடைய இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். ராக்கிம் இயைபைக் கைவிடவில்லை. ஆனால் ஒலியொப்புமையை வரியின் கடைசியிலிருந்து எடுத்து, வரிக்குள் எங்கெங்கும் விதைத்தார். வாக்கியம் வரியின் முடிவில் நிற்காமல் அடுத்த வரிக்குள் வழிந்தோடிற்று. ஓரசைச் சொற்களோடு நிற்காமல், மூன்று நான்கு அசைகள் சேர்ந்த தொடர்களையே ஒன்றோடொன்று ஒலிக்கச் செய்தார்.

அவருடைய ஆங்கில வரிகளை இங்கே தருவதைவிட, நானே கட்டிய தமிழ் வரிகளால் காட்டுகிறேன். பழைய முறை இப்படி இருக்கும்:

வெயிலுக்குள்ளே நான் நடந்து வந்தேன்,
வீட்டுக்குள்ளே நான் படுத்துக் கொண்டேன்.

அவர் கொண்டுவந்த முறை இப்படி:

வீதி முழுக்க வெயில் விழப் பாதி வழியில் குயில் அழ
மீதி நடையை மெல்ல நடந்து சேதி ஒன்று சொல்ல விரைந்தேன்.

வீதி, பாதி, மீதி, சேதி என்பன ஒரு சரம். வெயில் விழ, குயில் அழ என்பன இன்னொரு சரம். மெல்ல, சொல்ல என்பன மூன்றாவது. வாக்கியமோ இரண்டாம் வரியின் கடைசியில்தான் முடிகிறது. உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நாற்சீரடியொன்றில் எதுகை எந்தெந்தச் சீர்களில் அமையலாம் என்பதை இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்று யாப்பருங்கலக்காரிகை வகுத்து வைத்திருக்கிறது. லோங் ஐலண்டைச் சேர்ந்த ஓர் இளைஞர், இந்த நூலின் பெயரையே கேட்டிராமல், நாலு அடி கொண்ட தாளத்துக்குள் அதே கணக்கைத் தம் காதால் கண்டுபிடித்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தாளத்தையும் பாருங்கள். ராப்பின் ஒரு சுற்று நாலு அடி. ஒவ்வோர் அடியையும் ‘தகதிமி’ என்று நாலாகப் பிரித்தால் பதினாறு இடங்கள் கிடைக்கும். முன்னையவர்கள் முக்கியமான சொல்லைப் பெரும்பாலும் ‘த’ விழும் இடத்திலேயே இறக்கினார்கள். ராக்கிம் அதைச் சில வேளை ‘க’ வில் இறக்குவார், சில வேளை ‘மி’ யில் பிடித்து அடுத்த ‘த’ வுக்கு மேலாக இழுப்பார். தாளம் ஓடிக்கொண்டிருக்கும், சொல் அதற்குச் சற்றுப் பின்னால் அசைந்து வரும். இரண்டும் ஒரேயிடத்தில் வந்து சேரும்போது கேட்பவருடைய தலை தானாக ஆடும்.

இவ்வளவையும் அவர் குரலை உயர்த்தாமலே செய்தார். முதற்பாடலை ஒலிப்பதிவு செய்தபோது அவர் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார் என்பதும், ஒலிப்பதிவை நடத்திய மார்லி மார்லும் உடனிருந்த எம்சி ஷானும் ‘இன்னும் உற்சாகமாகப் பாடக் கூடாதா’ என்று கேட்டார்கள் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அவர் எழுந்து நிற்கவில்லை. அந்த அமைதியான, கனத்த குரல்தான் பின்னால் ராப்பின் இயல்பான குரலாகிவிட்டது.

இதை அவர் ஒருவரே செய்தார் என்று சொல்வது நியாயமாகாது. பிக் டாடி கேன், கூல் ஜி ராப் போன்ற அவருடைய சமகாலத்தவர்களும் இதே வழியில் பெரும் தொலைவு போனவர்கள். ஆனால் வாசலைத் திறந்தவர் யாரென்று அவர்களுக்குப் பின் வந்தவர்களிடம் கேட்டால், அநேகமாக ராக்கிமின் பெயரைத்தான் சொல்வார்கள். நாஸ் 2004 இல் அவருடைய வாழ்க்கையையே ஒரு பாடலாகப் பாடினார். மேலே சொன்ன ‘நெடுநாள் ஆகிவிட்டது’ என்ற வரியை 2000 இல் வந்த பாடகி ஆலியாவின் வெற்றிப்பாடலின் தொடக்கத்தில் அதன் இசையமைப்பாளர் டிம்பலாண்ட் எடுத்துச் சொல்வார். ராக்கிம் என்ற பெயரையே அறியாத எத்தனையோ பேருக்கு அந்தச் சொற்கள் மனப்பாடம்.

கேள்வி: ராப்பைப் பேச்சு என்று சொல்லலாம், இசை என்று எப்படிச் சொல்வது? ராக்கிமுக்கு இசைப்பயிற்சி ஏதும் உண்டா? (இசை ஆசிரியை, இணுவில்)

பதில்: உண்டு. சிறு வயதிலேயே சாக்சபோன் வாசித்தவர். ஐம்பதுகளில் புகழ்பெற்ற பாடகியான ரூத் பிரவுண் அவருக்கு உறவுமுறையில் அத்தை. ஜாஸ் கலைஞர் ஜோன் கொல்ட்ரேனின் சாக்சபோன் வாசிப்பிலிருந்து சொற்களை அடுக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டதாக அவரே கூறியிருக்கிறார். மூச்சை எங்கே எடுப்பது, ஒரு சொற்றொடரை எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு போவது என்பவையெல்லாம் துளைக்கருவி வாசிப்பவருடைய கணக்குகள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊரிலிருந்து எழுதும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலைப் பேச்சு என்று ஒதுக்காத நாம் ராப்பையும் ஒதுக்க முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: பெயருக்காகப் பாராட்டுகிறார்களா, அல்லது அந்த 1997 தொகுப்பு உண்மையிலேயே நல்லதா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: விற்பனையைப் பார்த்தால் அது பில்போர்ட் பட்டியலில் நாலாவது இடத்தில் நுழைந்தது, ஐந்து இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கத் தகுதியையும் பெற்றது. ஆனால் நீங்கள் கேட்பது விற்பனையை அல்ல.

அந்தத் தொகுப்பு வெளிவந்த நாளில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருந்த நிலையில் அதைப் பற்றிக் கேள்விப்படுவதற்குக்கூட வழியிருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுப் பழகிய கைகள் எங்களுடையவை. போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை 2002 இல் திறந்த பின், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த என் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பயணப்பையிலிருந்து அந்த இறுவட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தான். அதில் இரண்டு இறுவட்டுகள் இருந்தன: ஒன்று புதிய பாடல்கள், மற்றது எரிக் பியுடன் பாடிய பழைய பாடல்களின் தேர்வு. விவரம் தெரியாமல் நான் பழையதைத்தான் முதலில் போட்டேன். கிணற்றடிக் கட்டில் அமர்ந்து, அவனுடைய டிஸ்க்மேனில், ஒரு காதுக்குமிழ் எனக்கும் மற்றது அவனுக்குமாகக் கேட்டோம். பிறகு புதியதைப் போட்டபோது இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. குரல் அப்படியே இருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், ‘பெயிட் இன் ஃபுல்’ அளவுக்கு இது உயரவில்லை. காதலை நோக்கிச் சாயும் பாடல்கள் அவருடைய குரலுக்குப் பொருந்தவில்லை; வானொலியை நினைத்துச் செய்தவை போலத் தெரிகின்றன. ஆனால் டிஜே பிரீமியர் இசையமைத்த பாடல்களும், பீற் றொக் இசையமைத்த ‘த சாகா பிகின்ஸ்’ உம் எந்தக் காலத்துக்கும் நிற்கக்கூடியவை. இந்த இருவரும் 1994 இல் நாஸின் முதற்தொகுப்புக்கு இசையமைத்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மாணவனுக்குப் பந்தல் போட்ட கைகளே ஆசிரியருக்கும் பந்தல் போட்டன. படைப்பின் தோற்றத்தைத் தம்முடைய சமயக்குழுவின் நோக்கில் விரித்துரைக்கும் ஒரு பாடலும் உண்டு. அதன் கருத்துகளை நான் ஏற்கவில்லை, ஆனாலும் இவ்வளவு கனமான பொருளைத் தாளம் பிசகாமல் சுமக்கிறாரே என்று இன்றும் வியக்கிறேன். அந்த ஆண்டின் பளபளப்புக்கு அவர் இறங்கிப் போகவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மீள்வருகை என்ற சொல்லை நான் மதிப்போடு பயன்படுத்தியதன் காரணம் இதுதான்.

கேள்வி: அதற்குப் பிறகு என்ன செய்தார்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: 1999 இல் இரண்டாவது தனித்தொகுப்பு வந்தது. 2000 இல் ராப் இசையமைப்பாளர் டொக்டர் ட்ரேயின் இசை நிறுவனத்தில் சேர்ந்தார். எல்லோரும் ஆவலோடு காத்திருந்த அந்தத் தொகுப்பு வெளிவராமலே 2003 இல் விலகினார். மூன்றாவது தனித்தொகுப்பு 2009 இல் வந்தது. குறைவாக எழுதுபவர் என்பது அவருடைய இயல்பாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. தமிழில் ராப் எழுதுகிறான், அறைக்குள்ளிருந்து சத்தமாகப் பாடுகிறான். அவனைத் தடுக்கவும் மனமில்லை, எப்படி வழிகாட்டுவது என்றும் தெரியவில்லை. (தாயார் ஒருவர், பருத்தித்துறை)

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. தமிழ் ராப்புக்கு இப்போது ஒரு மரபு இருக்கிறது. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006 இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல், மிருதங்கத்தோடு சேர்ந்து செய்திருக்கும் ராப்களையும் கேட்கச் சொல்லுங்கள். மிருதங்கச் சொற்கட்டின் மேல் ஆங்கிலச் சொற்கள் விழும் விதத்தைக் கேட்டால், ‘தகதிமி’ யைப் பற்றி மேலே நான் எழுதியது அவருக்கு எளிதாக விளங்கும்.

சத்தமாகப் பாடுவதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரு நாளைக்கு அவரைக் கதிரையில் அமர்ந்து, பேசும் குரலிலேயே முழுப் பாடலையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உரத்த குரல் மறைத்து வைத்திருந்த பலவீனமான வரிகள் அப்போது வெளியே வரும். பிறகு ஒரு தாளில் நாலு நாலாகப் பதினாறு புள்ளிகள் வைத்து, ஒவ்வோர் அசையும் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று அவரே எழுதிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து மேசையில் விரலால் தாளம் தட்டுங்கள். எந்த இடத்தில் உங்கள் காது தடக்குகிறதோ, அந்தப் புள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டு அவரிடம் கொடுங்கள்.