கோர்ட் வராந்தாவில் இரண்டு மணி நேரம்

கேள்வி: நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம். ஆறு வயது மகளை மாதம் இரு சனிக்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் பார்க்கலாம் என்று உத்தரவு. போனால் அம்மாவின் முந்தானையை விட மறுக்கிறாள். உங்களைப் போன்ற தொண்டு அமைப்புகள் உதவ முடியுமா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: முடியும். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 5-வது பிரிவே சமூக நல அமைப்புகளை இதில் சேர்க்க வழி செய்கிறது. எங்கள் வேலை பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பார்க்காமல், குழந்தை எங்கள் கைப்பிடித்துக் கடந்து வரும். அந்தப் பத்தடி தூரம் சில பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆகும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: போனதும் தூக்கிக் கொஞ்சப் பார்க்கிறீர்களா? பெரிய கரடி பொம்மையோடு வரும் அப்பாக்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பாயை விரித்து, கலர் பென்சிலை வைத்து, நீங்களே வரைய ஆரம்பியுங்கள். யானையைக் கோணலாக வரைந்தால் இன்னும் நல்லது, திருத்த வருவாள். "அம்மா என்ன சொன்னாள்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், இடத்தைப் பூங்காவுக்கு மாற்றவும், இடையில் வீடியோ அழைப்புக்கும் மனு போடுங்கள். 2020-இல், குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்ற யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே வீடியோ அழைப்பை வலியுறுத்தியிருக்கிறது. வக்கீல் செலவு பாரமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். அடுத்த சனிக்கிழமை பென்சிலோடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.