லேசான சளி என்று 9 மாத ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்கள். தடுப்பூசி பற்றி நர்ஸுகளுக்கே தெரியாதா?

உங்கள் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் 29 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். மூக்கு ஒழுகுகிறது என்று தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போட்டது தப்புதான். சாதாரணச் சளிக்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்லை. வருகிற புதன்கிழமையே போய்ப் போட்டுவிடுங்கள்.

ஆனால் தெரியாதா என்றால், தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது, சம்பா நடவு நேரம். கூலியை விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கி வந்தாள். அன்றைக்கு அம்மை ஊசிக்கு வந்தது அந்த ஒரு குழந்தைதான். ஒரு குப்பியில் 5 பிள்ளைகளுக்கு மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் மீதியைக் கொட்ட வேண்டும். மாதக் கூட்டத்தில் "ஏன் இவ்வளவு வேஸ்ட்?" என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் சளி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "சரியானதும் வாம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

நடவு, அப்புறம் களையெடுப்பு. அவள் வரவில்லை. மாசியில் அந்தப் பிள்ளைக்கு மணல்வாரி, அதாவது அதே தட்டம்மை. நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் 9 நாள் கிடந்து பிழைத்தது. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆத்தா வந்துட்டுப் போயிட்டா" என்றாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்துவிடுவேன். இப்போது விதியே அப்படித்தான்.

நர்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்களிலும் கோளாறு உண்டு. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் இந்த ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த ஒருத்தியே தன் மகனுக்குப் போடத் தயங்கினாள். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தால் மறுநாள் வாசலில் வந்து சத்தம் போடுவார்களே என்ற பயமும் எங்களுக்கு உண்டு.

குப்பிக்குக் கணக்குக் கேட்டவர்களில் ஒருவராவது, ஐப்பசி மழையில் பஸ் வராத ஊருக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்ததைக் கேட்டார்களா? ரிட்டையர் ஆகும்போது 14 மாதப் பயணப்படி பாக்கி. இன்னும் வரவில்லை.