"300 வாட்" என்று எழுதியிருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: நாலு பேர் பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். வீட்டுப் பயிற்சிக்கு 25 வாட் ஆம்ப் ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு சின்ன ஹாலில் வாசித்தபோது, டிரம்ஸ் ஆரம்பித்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. 500 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), நாலு 10 இன்ச் ஸ்பீக்கர் போட்ட கேபினெட் இல்லாமல் மேடை ஏறவே கூடாது என்கிறார் கடைக்காரர். அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். இன்னொருவர் மூலமாக 15 இன்ச் ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் உள்ள பழைய காம்போ ஒன்று பாதி விலைக்கு வருகிறது. முன்னால் '300 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எதை வாங்கலாம்? இல்லை, கிடார்காரரிடம் சும்மா கிடக்கும் ஆம்பை வைத்தே சமாளிக்கலாமா?

பதில்: கடன் வாங்காதீர்கள். அந்த ஸ்டிக்கரையும் நம்பாதீர்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

25 வாட் ஆம்ப் டிரம்ஸிடம் தோற்றதில் ஆச்சரியமே இல்லை. கிடாரின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி 41 தடவைதான். அவ்வளவு கீழே போனால் நம் காது மந்தம். கிடார் அளவுக்கு உரக்கக் கேட்கவே பேஸுக்குப் பல மடங்கு சக்தி வேண்டும், ஸ்பீக்கரும் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். 8 இன்ச் ஸ்பீக்கர் போட்ட குட்டிப் பெட்டியால் அது முடியாது. நீங்கள் குமிழைத் திருகத் திருக அது 'பர்ர்' என்று உறுமும், அவ்வளவுதான்.

அதற்காக வாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாலும் பயன் இல்லை. 100 வாட்டை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் கூடுவது 3 டெசிபெல். 'கொஞ்சம் ஏறியிருக்கிறது' என்று தோன்றும் அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகப் பட வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இன்னொரு பக்கம், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் ஒரு கேபினெட் 94 டெசிபெல் தருகிறது, இன்னொன்று 100 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் 100 வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தத்துக்கு முதலாவதில் 400 வாட் வேண்டும். இதற்கு சென்சிடிவிட்டி என்று பெயர். விலை கொடுக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய எண் இதுதான். பல காம்போக்களில் தேடிப் பாருங்கள், முன்னாலும் இருக்காது, பின்னாலும் இருக்காது, கையேட்டிலும் இருக்காது. வாட் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருக்கும். தயாரிப்பவர்கள் இதை ஒழுங்காக எழுதினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும். எழுத மாட்டார்கள்.

அந்த வாட்டிலும் தந்திரம் உண்டு. 'பீக்', 'மியூசிக் பவர்', 'பிஎம்பிஓ' என்று எது எழுதியிருந்தாலும் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் சக்தி, எத்தனை வாட், எத்தனை ஓமில்? ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் இந்த ஓம் ஏன் முக்கியம் என்றால், 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட்டில் ஒரே ஒரு 8 ஓம் கேபினெட்டை மாட்டினால் பெரும்பாலும் 250, 300 வாட்தான் வெளியே வரும். நல்ல கம்பெனிப் பொருளிலும் கணக்கு இப்படித்தான். ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ தன் இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கரோடு மட்டும் ஓடும்போது 350 வாட். கூட ஒரு 8 ஓம் கேபினெட் சேர்த்தால்தான் பெயரில் உள்ள 500. இது ஏமாற்று இல்லை, அவர்கள் வெளிப்படையாகவே சொல்லும் விஷயம். கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

சரி, எதை வாங்குவது? 200 முதல் 350 வாட் ஆர்எம்எஸ், இரண்டு 10 இன்ச் அல்லது ஒரு நல்ல 12 அல்லது 15 இன்ச் ஸ்பீக்கர், பின்னால் எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் (மிக்ஸருக்கு நேரே வயர் போடும் துளை), இன்னொரு கேபினெட் மாட்டிக்கொள்ள ஒரு ஜாக். இந்த நாலும் உள்ள காம்போ ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். பின்னால் பணம் வந்தால் ஒரு கேபினெட் சேர்த்துக்கொள்ளலாம். சத்தம் கூடுவது நன்றாகத் தெரிவது அப்போதுதான், ஏனென்றால் காற்றைத் தள்ளும் பரப்பும் கூடுகிறது, ஆம்ப் தரும் சக்தியும் கூடுகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து எத்தனை ஓம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4. இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. அந்தச் சுமையை அநேக ஆம்ப்கள் தாங்காது. 'வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்தான் உயிருள்ள சத்தம்' என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கனம், செலவு, ஸ்பீக்கர் மாட்டாமல் மறந்து ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உங்கள் பட்ஜெட்டுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

பெரிய வாட் மோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. 300 வாட், முழுக்க வால்வ், ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அன்றைய பிஏ, அதாவது அரங்குக்கான பொது ஒலிபெருக்கி, பாட்டுக்காரரின் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்க்கவே திணறும். அதனால் பேஸ் ஆம்பே முழு அரங்கையும் நிரப்ப வேண்டியிருந்தது. இன்று பிஏ அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும், மற்றதை டிஐ வழியாக மிக்ஸர் பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் எல்லாரும் சறுக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். 'பிஏ இருக்கிறது' என்று ஏற்பாட்டாளர் சொன்னால் அதில் பேஸுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சின்ன ஹால்களில் பிஏ என்பது ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு 10 இன்ச் பெட்டி. அது குரலுக்கு. அதற்குள் உங்கள் பேஸையும் அனுப்பினால் பாட்டுக்காரர் தலையணைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும், பேஸும் உருப்படியாக வராது. சவுண்ட்காரர் பேஸ் சேனலை மெல்ல இறக்கிவிடுவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார். நீங்களோ டிஐ மாட்டியாயிற்று என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் 'பிஏ இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'சப் இருக்கிறதா? கிக் டிரம்முக்கு மைக் வைக்கிறீர்களா?' என்று கேளுங்கள். சப் என்பது தாழ்ந்த சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர், கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய டிரம். இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேஸும் பிஏ வழியாகப் போகலாம். அன்றைக்கு 100 வாட், 12 இன்ச் காம்போ கூடப் போதும். கிக்குக்கு மைக் இல்லை என்றால் பேஸுக்கும் இல்லை என்றே வைத்துக்கொண்டு, ஆம்பை நம்பிப் போங்கள். சப் இருக்கிறது, ஆனால் கிக்குக்கு மைக் இல்லை என்றால்? மைக் பற்றாக்குறையாகவும் இருக்கலாம், சப்பை யாரும் இணைக்காமலும் இருக்கலாம். சவுண்ட் செக்கில் உங்கள் ஆம்பின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு ஒரு நண்பரை ஹால் நடுவில் நிற்கச் சொல்லுங்கள். ஈ கம்பியை மீட்டுங்கள். வயிற்றில் படுகிறதா என்று அவர் சொல்லட்டும். திறந்தவெளியிலும் இதே சோதனைதான். அங்கே சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது என்பதால் இன்னும் கவனமாகச் செய்யுங்கள். சப் இல்லாத திறந்தவெளி என்றால், அன்றைக்கு மட்டும் பெரிய கேபினெட்டை வாடகைக்கு எடுங்கள். எப்போதோ வரும் அந்த ஒரு கச்சேரிக்காக 500 வாட்டைக் கடனில் வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

டிஐ மாட்டும்போது அதில் 'ப்ரீ', 'போஸ்ட்' என்று சுவிட்ச் இருந்தால் ப்ரீயில் விடுங்கள். அப்போது மேடையில் உங்கள் குமிழைத் திருகினால் வெளியே போகும் சத்தம் மாறாது.

இப்போது அந்தப் பாதி விலை காம்போ. பழைய ஆம்ப் வாங்குவதில் தப்பில்லை, நானே வாங்கியிருக்கிறேன். நடுவில் நிற்கும் ஆள்தான் பிரச்சினை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் புகைந்துபோன காம்போவைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். அதுவும் 15 இன்ச், அதுவும் ஒரு தரகர் மூலம் வந்தது. 'ஒரிஜினல், ஒரே கை' என்று சொல்லி விற்றிருக்கிறார். முன் துணியைக் கழற்றினேன். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த எட்டு ஸ்க்ரூவில் ஐந்தின் தலை வழித்துப் பளபளவென்று இருந்தது, மற்ற மூன்றும் வேறு நிறம். உள்ளே இருந்தது காருக்கான 4 ஓம் சப்வூஃபர். பெட்டியின் பின்னாலேயே 'குறைந்தபட்சம் 8 ஓம்' என்று அச்சடித்திருக்கிறது. ஒரிஜினல் ஸ்பீக்கர் தனியாக விலைபோயிருக்கும், அது வேறு லாபம். ஒரு கச்சேரி தாங்கியது, இரண்டாவதில் அவுட்புட் டிரான்சிஸ்டர் வெந்துவிட்டது. தரகர் போன் எடுக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? பழைய பொருளுக்கு ரசீதும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. புதுப் பொருளுக்கு மட்டும் என்ன வாழ்கிறது, வாரண்டி அட்டையில் கடை முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே பார்க்கப் போகும்போது உங்கள் பேஸையும், விலை குறைந்த ஒரு மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 பக்கம். பின்னால் அச்சடித்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார்கள். எண்ணே வரவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அறுந்திருக்கிறது. பிறகு இரண்டு கைவிரல்களையும் கோனின் (ஸ்பீக்கரில் முன்னால் அதிரும் கூம்பு) நடுமூடிக்கு இருபுறமும் சமமாக வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய் வர வேண்டும். மணலில் உரசுவது போலக் கேட்டால் காயில் உரசுகிறது, எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் ஆம்பைப் போட்டு ஈ கம்பியில் ஒவ்வொரு கட்டமாக, மெதுவாக, மேடைச் சத்தத்தில் வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் 'கிரகிர' என்றால் பெட்டி தளர்ந்திருக்கலாம், சரி செய்யலாம். எல்லாச் சுரத்திலும் என்றால் ஸ்பீக்கர் காலி. அரை மணி நேரம் ஓடட்டும். சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும். தரகர் அவசரப்படுத்துவார், 'இன்னொருத்தர் வந்துகொண்டிருக்கிறார்' என்பார். வரட்டும்.

வாங்கிய பிறகு ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ் குமிழையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவில் உள்ள மிட்டை இறக்கினால் சத்தம் தேனாக இருக்கும். அதே நிலையில் மேடைக்குப் போனால் நீங்கள் காணாமல் போவீர்கள். கீழே கிக் டிரம் மூடிவிடும், மேலே சிம்பலும் கிடாரும் மூடிவிடும். உங்கள் சுரம் இன்னது என்று காதுக்குத் தெரிவிப்பது 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான். மிட்டை ஏற்றுங்கள், பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள். பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த சுரங்களுக்கு ஆம்ப் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். இறக்கினால் அவ்வளவும் மிச்சம். ஆம்ப் தரையில் இருந்து, நீங்கள் அதை ஒட்டி நின்றால் சத்தம் கெண்டைக்காலில் பட்டுப் போய்விடும். ஒரு பெட்டி மேல் தூக்கி வையுங்கள், இல்லை பின்னால் சாய்த்து வையுங்கள். போன மாத ஹாலில் உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. டிஐ மாட்டியதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்லும் சவுண்ட்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் திருந்துவதில்லை. கழற்றாதீர்கள், யார் சொன்னாலும். கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் உயிரே போகலாம். அதற்கென்றே டிஐ பக்கத்தில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

கடைசியாக, கிடார்காரரின் ஆம்ப். ரிகர்சலில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கலாம். மேடைச் சத்தத்துக்கு வேண்டாம். ஆம்புக்கு ஒன்றும் ஆகாது, கிடார் ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகச் செய்ததில்லை என்பதால் கிழியும், அப்புறம் நீங்கள் இரண்டு ஆம்புக்குப் பணம் தேட வேண்டியிருக்கும். அவர் உங்கள் பேஸ் ஆம்பில் கிடார் வாசித்தால் எதுவும் ஆகாது. கேட்டால் கொடுங்கள், குமிழ்கள் எந்த நிலையில் இருந்தன என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு.